துப்பாக்கிக்கு எத்தனை ஜெராக்ஸ்?

மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையாரை மூச்சு வாங்காமல் ஏறிப் பார்த்துவிடலாம். ஸ்ரீரங்கத்தில் தாத்தா விட்டுப்போன இரட்டைக்குழலை விற்பது அப்படியல்ல.

1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு தெளிவாகவே இருக்கிறது. லைசென்ஸ்காரர் இன்னொரு லைசென்ஸ்காரருக்கு விற்கலாம். வாங்குபவர் பெயர், விலாசத்தை மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். (ஸீல் போட்ட ரசீது வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் அந்த 45 நாள் என்றைக்குத் தொடங்கியது என்று சண்டை வரும்.) இதில் எனக்குப் புகார் இல்லை. துப்பாக்கி யார் கையில் என்று சர்க்காருக்குத் தெரியத்தான் வேண்டும்.

புகார் டீலரின் மேஜையில் ஆரம்பிக்கிறது. ரிஜிஸ்தரில் எழுதவேண்டியதை எழுதட்டும். அதற்கு மேல் ஆதார், பான், ரேஷன் கார்டு நகல் எல்லாம் எதுக்கு சார்? லைசென்ஸுக்குத் தனி அடையாள எண் கொடுத்து தேசியத் தகவல் தளத்தில் ஏற்றியாச்சே! அந்த ஜெராக்ஸ் கட்டு பழைய பேப்பர் கடைக்குப் போனால், எந்த வீட்டில் துப்பாக்கி என்று திருடனுக்கு கைடு போட்டுக் கொடுத்த மாதிரி.

நியூயார்க் பக்கம் 2012 டிசம்பரில் 'ஜர்னல் நியூஸ்' பத்திரிகை கைத்துப்பாக்கி லைசென்ஸ்காரர்களைப் பெயர், விலாசத்தோடு இணைய வரைபடத்தில் போட்டது. ஒரே ரகளை. அடுத்த மாதமே, பெயரை வெளியிடாதே என்று கேட்கும் உரிமையைச் சட்டம் தந்தது.

நகல் கேட்கும் டீலர், எதற்கு, எத்தனை வருஷம், யார் பூட்டில் என்று எழுதிக் கொடுக்கட்டும். முடியாதென்றால் அசலைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும்.