மோடத்துக்கு இரண்டு வாசல்



ஐப்பசி இடிமழை தொடங்கியதும், "சார், ஸ்பைக் பஸ்டர் இருந்தும் மோடம் போயிடுச்சே" என்று சிலர் கேட்கிறீர்கள். அது காப்பது கரண்ட் வரும் வழியை மட்டும். டெலிபோன் கம்பியும் மாடி வழியாக வரும் லேன் கேபிளும் இன்னொரு வாசல். மின்னல் நம் வீட்டில்தான் விழ வேண்டுமென்றில்லை. பக்கத்தில் விழுந்தாலே நீண்ட செம்புக் கம்பியில் மின்னழுத்தம் எகிறும். வகுப்பில் படித்த ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல்தான்!

டெலிபோன் எக்சேஞ்சில் இதற்கென்றே லைன்களில் செருகும் சர்ஜ் புரொடெக்டர் உண்டு. அதற்குள் சிறிய வாயுக் குழாய். அழுத்தம் மிகும்போது அந்த வாயு மின்கடத்தியாகி, வேகமாக எர்த்துக்குத் திருப்பிவிடும். வீட்டு லைனுக்கும் அப்படிப்பட்டது கிடைக்கிறது.

ஆனால் எர்த் சரியில்லாத வீட்டில் அது வெறும் அலங்காரம். மோடத்துக்குச் செலவழிக்கும் நாம் எர்த் குழியை எட்டிப் பார்ப்பதே இல்லை. என்னைக் கேட்டால், முதல் செலவு எலக்ட்ரீஷியனுக்கு, புரொடெக்டர் அப்புறம்.

இடி நெருங்கும் முன்பே இரண்டு வயரையும் கழற்றிவிடுங்கள். இடிக்கும்போது அவற்றைத் தொடாதீர்கள். மோடம் போனால் வாங்கலாம், பிள்ளைகளே.