வாங்காத காமிரா

இருபது வருஷ இடைவெளிக்குப் பின் மறுபடியும் படம் பிடிக்கக் கிளம்பியிருக்கிறார் என் நண்பர். ஆறு மாதமாக விசாரிக்கிறார். இன்னும் காமிரா வாங்கியபாடில்லை. கானனா, நிக்கானா, ஸோனியா? எதை வாங்கினாலும் மோசம் போகமாட்டீர்கள் என்றால் அவருக்குக் கோபம் வருகிறது!

காமிராவுக்குச் சீக்கிரம் வயதாகும். நல்ல லென்ஸுக்கு லேசில் ஆகாது. அவர் பீரோவில் உறங்கும் பழைய நிக்கான் 50 மில்லிமீட்டர் லென்ஸ், இடையே ஒரு வளையம் மாட்டினால் இன்றைய மிர்ரர்லெஸ் காமிராவிலும் உட்காரும். கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். செய்தால் என்ன, விரல் தேய்ந்துவிடுமா? சென்சார் சிறிய காமிராவானால், அதே பார்வைக்கு 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று போதும். ஹென்ரி கார்ட்டியே-ப்ரெஸ்ஸான் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் வழியாகவே உலகத்தைப் பார்த்தார். நமக்கு மட்டும் ஏழு லென்ஸ் வேண்டியிருக்கிறது!

இதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் சோம்பல் என்பேன். கடையைப் பார்க்கிற கண் வீட்டைப் பார்க்கவில்லை.

இந்த ஆறு மாதத்தில் அவர் பேத்தி தவழ்வதை விட்டு நடக்கத் தொடங்கிவிட்டாள். அவள் தவழ்ந்த படம் இனி எந்தக் கடையில் கிடைக்கும்?