கண்ணாடியைக் கழற்றுமுன்

நோட்டன் பிரிட்ஜ் பனிமூட்டத்தில் கண்ணாடி துடைத்தே சலித்துப்போன மாணவர் ஒருவர், "ஹஸ்ரத், லேசர் செய்தால் என்ன?" என்று கேட்டார்.

சென்னையில் பிறந்த விஞ்ஞானி ரங்கசாமி ஸ்ரீனிவாசன் 1981இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டொன்றில் எக்சைமர் லேசரைப் பாய்ச்சினார். அக்கம்பக்கம் கருகாமல் துல்லியமாகச் செதுக்கியது! இன்று அதே ஒளிதான் கண்ணின் முன்படலத்தைச் செதுக்கி, அதன் வளைவை மாற்றுகிறது.

செதுக்கியது மீண்டும் வளராது. ஆகவே 18 வயதுக்கு முன்னரும், கண்ணாடியின் அளவு மாறிக்கொண்டிருக்கும்போதும் அவசரம் கூடாது. படலம் மெல்லியதாயிருந்தால் வைத்தியரே மறுத்துவிடுவார்.

நாற்பதுக்குப் பின் கிதாபைத் தள்ளிப் பிடிக்கிறோமே, அது உள்ளிருக்கும் வில்லை இறுகுவதால் வருவது. தூரப்பார்வைக்குச் செய்யும் லேசர் அதைத் தடுக்காது. என் சட்டைப்பையிலும் கண்ணாடிதான்.

செய்துகொள்பவர் ஆரம்ப நாட்களில் கண்ணுக்குள் தண்ணீர் போகவிடக் கூடாது. வுழூவை எப்படிச் செய்வதென்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.