இலை மாறுது, பேப்பர் மாறலை

பி.காம். படிக்கிறவனுக்கு கெமிஸ்ட்ரில என்ன வேலைன்னு கேப்பீங்க. பக்கத்து ரூம் எம்.எஸ்ஸி. அண்ணன் புராஜெக்டுக்காக ஒரு மாசம் ஹாஸ்டல் மொட்டை மாடில கீழாநெல்லி காயப் போட்டார். மழை வந்தப்பல்லாம் அதை அள்ளிட்டு ஓடினவன் நான். அந்த உரிமைல பேசறேன்.

இரும்புத் தகட்டுல இருக்கற துருவை எடுக்க ஆலைகள்ல ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல முக்குவாங்க. பிக்ளிங்னு பேர் (ஊறுகாய் இல்லீங்க). ஆசிட் துருவோட நிக்காது, நல்ல இரும்பையும் தின்னும். அதைத் தடுக்கத் தொட்டில இன்ஹிபிட்டர் கலப்பாங்க. அதுல சிலது, உதாரணமா புரோபர்கைல் ஆல்கஹால், சரியான விஷம். வேம்பு, மருதாணி, கீழாநெல்லி மாதிரி செடிகளோட சாறுல இருக்கற டானின், ஆல்கலாய்டு எல்லாம் இரும்பு மேல ஒட்டிக்கிட்டு அதே வேலையைச் செய்யும். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை.

கோவம் வேற இடத்துல. தகட்டை எடை போடு, ஆசிட்ல போடு, எடுத்து மறுபடி எடை போடு. சாறு இல்லாம 100 மில்லிகிராம் கரைஞ்சு, சாறோட 10 கரைஞ்சா 90 சதவீதப் பாதுகாப்பு. பேப்பர் ரெடி. அடுத்த வருஷம் அடுத்த இலை!

'மலிவானது, எளிதில் கிடைப்பது'ன்னு முன்னுரைல ஒரு வரி வந்துடும். காஸ்ட் ஷீட் எங்கய்யா? லிட்டருக்கு 1 கிராம்னா 10,000 லிட்டர் தொட்டிக்கு 10 கிலோ சாறு. காஞ்ச இலைல பத்துல ஒரு பங்கு சாறு வருதுன்னே வைப்போம், 100 கிலோ காஞ்ச இலை. பச்சை இலைல முக்கால்வாசி தண்ணின்னா 400 கிலோ பறிக்கணும். பறிக்கற கூலி, காயவைக்க இடம், ஆவியாக்க கரண்ட்? மழைக்கால இலையும் கோடை இலையும் ஒரே தரமா? பூஞ்சை பிடிக்காம எத்தனை நாள் தாங்கும்? மெத்தனால்ல சாறெடுத்துட்டு 'பசுமை'ன்னு எழுதறது தனி காமெடி.

சூடு ஏறினா ஒட்டினது கழண்டுக்கும்னு பல பேப்பர்ல அவங்களே அட்டவணை போடறாங்க. ஆலைத் தொட்டி பல இடத்துல 60, 70 டிகிரி.

தொட்டிப் பக்கத்துல நின்னு அந்தக் காத்தை இழுக்கற தொழிலாளிக்கு விஷமில்லாத சரக்கு நிஜமாவே வேணும். பத்து இலைக்குப் பதிலா ஒரே இலையை, சூடான தொட்டில, ஆறு மாசம் வச்சிருந்த சாறுல சோதிச்சு, பழைய இன்ஹிபிட்டர் விலையைப் பக்கத்துல எழுதிக் காட்டுங்களேன்.

அண்ணனுக்கு 92 சதவீதம் வந்தது. ஆலைக்காரங்க யார்கிட்டயாவது காட்டினீங்களான்னு கேட்டேன்.

"இல்லடா. ஜூனியருக்கு ஆடாதொடை குடுத்துட்டார் கைடு"ன்னார்.