கதவைத் தட்டியவர் யார்?



இணையத்தோடு பிணைந்த கணினி ஒவ்வொன்றும் தெருவைப் பார்த்த வீடு போன்றது. அத்தெருவில் இரவு பகல் பாராது எவரேனும் கதவுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே செல்கின்றனர். பெரும்பாலும் அவர்கள் மனிதர்களே அல்லர். இணைய முகவரிகளை வரிசையாகச் சோதிப்பதற்கென்றே எழுதப்பட்ட நிரல்கள். “நம் வீட்டுக் கணினியில் யாருக்கு என்ன ஆதாயம்?” என்று கேட்பவர் உண்டு. நிரலுக்கு ஆள் தெரியாது. திறந்த கதவு மட்டுமே தெரியும். உள்ளே நுழைந்துவிட்டாலோ, வங்கிக் கணக்கு முதல் பெண்மக்களின் திருமண நிழற்படங்கள் வரை அயலாரின் கைக்குப் போய்விடக்கூடும்.

2016-ஆம் ஆண்டில் பரவிய ‘மிராய்’ என்னும் தீநிரலை எண்ணிப் பாருங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லுமாக ஏறத்தாழ 60 இணைகளே அதன் கைவசம் இருந்தன. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத ரவுட்டர்களிலும் கண்காணிப்புக் கேமராக்களிலும் அவற்றைப் போட்டுப் பார்த்தே, அது இலட்சக்கணக்கான கருவிகளை வசப்படுத்தியது. பூட்டை உடைக்கவில்லை, கடையில் வாங்கியபடியே விட்டிருந்த சாவியைத்தான் பயன்படுத்தியது.

நம் கணினியை எவரேனும் தட்டினரா என்பதை அறிய வழி உண்டு. விண்டோஸ் கணினியில் ‘ஈவென்ட் வியூவர்’ என்னும் பதிவேட்டைத் திறந்து, ‘விண்டோஸ் லாக்ஸ்’ என்பதன்கீழ் ‘செக்யூரிட்டி’ பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே 4625 என்னும் எண், தோல்வியுற்ற நுழைவு முயற்சியைக் குறிக்கும். உடனே கலங்கிவிட வேண்டாம். பிள்ளைகள் கடவுச்சொல்லைத் தவறாகத் தட்டினாலும் அதே எண்தான் பதிவாகும். ஆகவே ‘லாகான் டைப்’ என்னும் வரியையும் பாருங்கள். 2 என்றிருந்தால் கணினியின் முன் அமர்ந்தவர் செய்தது. 3 அல்லது 10 என்றிருந்தால் வலையமைப்பின் வழியே வந்தது. அதன் அருகிலுள்ள முகவரி நம் வீட்டின் வேறொரு கணினியினுடையதா, அயலாருடையதா என்று ஒப்பிட்டறியலாம். சில கணினிகளில் தோல்விகளைப் பதியும் வசதி அணைக்கப்பட்டிருக்கும். எனவே 4625 காணப்படவில்லை என்பது மட்டுமே நிம்மதிக்குப் போதிய ஆதாரமன்று.

தோல்வியைவிட வெற்றியே நம் கவலைக்குரியது. 4624 என்பது வெற்றி பெற்ற நுழைவு. கணினியின் சொந்த அலுவல்களுக்காக இவ்வெண் நாள்தோறும் பலமுறை பதிவாகும், அது இயல்பே. ஆனால், அறிமுகமற்ற வெளி முகவரியிலிருந்து 3 அல்லது 10 வகையில், பல தோல்விகளுக்குப் பின் ஒரு வெற்றி பதிவாகியிருப்பின், கதவு திறந்துவிட்டது என்றே கருத வேண்டும்.

அந்நிலையில் முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும், அடுத்து வங்கியின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். பிறகு நச்சுநிரல் தடுப்பானைக் கொண்டு கணினி முழுவதையும் சோதியுங்கள். பணம் பறிபோயிருந்தால் வங்கிக்குத் தெரிவிப்பதோடு, இந்தியாவில் 1930 என்னும் உதவி எண்ணையும் தாமதமின்றி அழையுங்கள்.

இனி, வருமுன் காக்கும் வழி. ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் வசதியையும், தேவையில்லையெனில் கணினியின் ‘ரிமோட் டெஸ்க்டாப்’ வசதியையும் அணைத்துவிடுங்கள். விண்டோஸ் தரும் திருத்தங்களைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதத்தில் ‘வான்னாக்ரை’ உலகெங்கும் கணினிகளை முடக்கியபோது, அதைத் தடுக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில் வெளிவந்திருந்தது.

தட்டுவோரை நம்மால் நிறுத்த இயலாது. மாதம் ஒருமுறை பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பதும், தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று கவனிப்பதும் நம்மால் இயலும். வீட்டின் பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொண்டு இதைச் செய்யுங்கள். அடுத்த முறை அவர்களே உங்களுக்கு நினைவூட்டுவார்கள்.