சிமென்ட் பிராண்டைக் கேட்கிறோம், ஹோஸின் வயதைக் கேட்கிறோமா?

எங்கள் பகுதியில் பழைய வீட்டை இடித்துக் கட்டாத தெருவே இப்போது இல்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று வீடுகளில் மாடித் தளம் போடுகிறார்கள். தளம் போடும் அன்று வீட்டுக்காரர் காலையிலேயே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். பெரும்பாலும் என்னைப் போல ஓய்வு பெற்றவர்தான். என்ன சிமென்ட், என்ன கம்பி, எம்-சாண்ட் எந்தக் குவாரி, நல்ல நேரம் எத்தனை மணிக்கு என்று எல்லாம் கேட்டு வைத்திருப்பார். கேட்டால் விலையோடு ஒப்பிப்பார்.

அவரிடம் நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "சார், மேலே அந்தப் பையன் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே, அந்த ரப்பர் ஹோஸ் எத்தனை வருஷத்துப் பழசு? எவ்வளவு பிரஷர் தாங்கும்?" இதுவரை ஒருவரும் பதில் சொன்னதில்லை. அதைக்கூட மன்னிக்கலாம். பம்ப் கொண்டுவந்த ஆளுக்கும் தெரிவதில்லை. மேஸ்திரிக்கும் தெரிவதில்லை. பல இடங்களில் சைட் என்ஜினியருக்கும் தெரிவதில்லை. இதை மன்னிக்க என்னால் முடியவில்லை. முப்பத்து நாலு வருடம் கட்டடத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் கொஞ்சம் கோபமாகவே இதை எழுதுகிறேன்.

பழசே நல்லது என்று சொல்ல வரவில்லை. சாரத்தில் வரிசையாக நின்று சித்தாள்கள் இரும்புச் சட்டியைக் கைமாற்றி ஏற்றிய காலத்தைப் பார்த்தவன் நான். அந்தப் பெண்களின் கழுத்தும் இடுப்பும் பட்ட பாட்டை நினைத்தால் பம்ப் வந்தது புண்ணியம். துபாயின் புர்ஜ் கலீஃபாவில் 606 மீட்டர் உயரத்துக்கு கான்கிரீட்டை பம்ப் செய்தே ஏற்றினார்கள். அங்கே செய்ய முடிந்ததை நம் இரண்டு மாடி வீட்டில் ஆபத்தில்லாமல் செய்ய முடியாதா? முடியும். கருவி அதேதான். அதை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் கோளாறு.

முதலில் அந்த ஹோஸ் என்ன என்று பார்ப்போம். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ட்யூபின் பெரியப்பா என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உள்ளே தேய்மானம் தாங்கும் ரப்பர், நடுவில் ஸ்டீல் கம்பியோ நூலோ பின்னிய அடுக்குகள், வெளியே வெயில் மழை தாங்கும் ரப்பர் என்று அடுக்கடுக்காகச் செய்தது. அழுத்தத்தைத் தாங்குவது நடுவில் உள்ள அந்தப் பின்னல்தான்.

ஒரு சின்னக் கணக்கு. பூம் பம்பின் லைன் பொதுவாக 125 மில்லிமீட்டர், சைட்டில் 'அஞ்சு இஞ்ச் லைன்' என்பார்கள். அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 123 சதுர சென்டிமீட்டர். இந்த லைன்களை வழக்கமாக 85 பார் வரை தாங்கும்படி அமைக்கிறார்கள். அந்த அழுத்தத்தில் அடைப்பின் மீது விழும் விசை பத்து டன்னுக்கும் மேல். இரண்டு மாடிக்கு அவ்வளவு அழுத்தம் வராதே என்பீர்கள். கான்கிரீட் ஒழுங்காக ஓடும்வரை வராது. எங்கேயாவது அடைத்துக்கொண்டால் பம்ப் தன்னால் முடிந்த மட்டும் தள்ளும். வெறும் 10 பார் அழுத்தத்தில் அடைப்பு விடுபட்டால்கூட ஒன்றே கால் டன் விசை. இன்னொன்று, ஒரு மீட்டர் ஹோஸுக்குள் சுமார் 30 கிலோ கான்கிரீட் இருக்கும். நாலு மீட்டர் என்றால் 120 கிலோ, ஹோஸின் எடை தனி. இதைத்தான் ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பையன் மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறான்.

ஹோஸ் ஏன் அடிக்கிறது? பெரும்பாலும் காற்றால். லாரி வரத் தாமதமாகும். ஹாப்பரில் கான்கிரீட் மட்டம் இறங்கும். பம்ப் கான்கிரீட்டோடு காற்றையும் உறிஞ்சிவிடும். லைனுக்குள் அந்தக் காற்று நசுங்கி ஸ்பிரிங் போல உட்கார்ந்திருக்கும். நுனிக்கு வந்ததும் ஒரே நொடியில் விரியும். தொங்கும் ஹோஸ் வால் மிதிபட்ட பாம்பு போலத் துள்ளும். அடைப்பு திடீரென்று விடுபடும்போதும் இதே கதைதான். பம்ப் ஆரம்பிக்கும் நேரம், நிறுத்தி மறுபடி ஆரம்பிக்கும் நேரம், அடைப்பு எடுத்த பிறகான நேரம், இந்த மூன்றும்தான் மிக ஆபத்தானவை. அந்த நேரத்தில் ஹோஸின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம் சுற்றிலும் ஒருவரும் நிற்கக் கூடாது. பம்ப் செய்யும் கம்பெனிகளின் கையேட்டிலேயே இருக்கும் பாடம் இது. நம் ஊரிலோ சரியாக அந்த நேரத்தில்தான் "இறுக்கிப் பிடிடா" என்று கத்துகிறார்கள்.

நான் பணியில் இருந்த காலத்தில் ஒரு அடுக்குமாடி வேலையில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கே, யாருடைய வேலை என்பது வேண்டாம். லாரி தாமதமாகி, லைனில் காற்று ஏறி, ஹோஸ் துள்ளியது. அதன் நுனியில் யாரோ கழற்றாமல் விட்ட இரும்புக் கப்ளிங். அது அந்த இளைஞனின் தாடையில் பட்டு, அவன் தளத்தின் ஓரத்திலிருந்து கீழ் மாடியின் சென்ட்ரிங் மேல் விழுந்தான். உயிர் பிழைத்தான், பேச்சும் மெல்லுவதும் பழையபடி வரவில்லை. விபத்துப் பதிவேட்டில் அந்த ஒப்பந்தக்காரர் எழுதிய வாசகம்: "கவனக்குறைவால் கால் தவறி விழுந்தார்." ஹோஸ் என்ற சொல்லே அதில் இல்லை. நான் ஆட்சேபித்து எழுதிக் கொடுத்த தாளையும் யாரும் கோப்பில் சேர்க்கவில்லை. குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அதுதான் அது. அந்த ஹோஸ் அடுத்த வாரம் வேறு ஒரு தளத்தில் ஓடியது.

"கால் தவறி விழுந்தார்" என்று எழுதும் வரை எந்த ஹோஸும் மாறப்போவதில்லை. அதனால்தான் இதை விதி என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

இதைப் பேசினால் மூன்று பதில்கள் வரும்.

"லேபர் சொன்னால் கேட்க மாட்டான் சார்." எந்த மொழியில் சொன்னீர்கள்? ஹோஸ் பிடிப்பவன் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து பத்து நாள் ஆகியிருக்கும். ஆபரேட்டர் தமிழில் கத்துகிறார், கையேடு ஆங்கிலத்தில் கேபினில் கிடக்கிறது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1998-ஆம் ஆண்டு மத்திய விதிகள் பம்பை நிர்ணயித்த சைகைகளின்படியே இயக்க வேண்டும் என்றன. குழாயை நுனியிலும் ஒவ்வொரு வளைவிலும் உறுதியாகக் கட்ட வேண்டும், உச்சிக்கு அருகில் காற்று வெளியேற வால்வு வேண்டும், பம்ப் அருகே வேலை செய்பவர்கள் கண்ணாடி அணிய வேண்டும் என்றும் சொல்லின. கையால் காட்டும் நாலு சைகைக்கு மொழி தேவையில்லை. 'ஓட்டு', 'நிறுத்து', 'ரிவர்ஸ்', 'விலகு'. காலையில் ஐந்து நிமிடம் போதும்.

"புது ஹோஸ் விலை ஜாஸ்தி." ஒரு ஹோஸ் எத்தனையோ தளங்களுக்கு உழைக்கும். வகுத்துப் பார்த்தால் ஒரு தளத்துக்கு விழும் பங்கு, அன்றைக்கு நாம் ஆட்களுக்குப் போடும் பிரியாணிச் செலவைத் தாண்டாது.

"இத்தனை வருஷம் ஒன்றும் ஆகலையே." தேய்மானம் உள்ளே நடக்கிறது, வெளியே தெரியாது. ஒன்றும் ஆகாத ஒவ்வொரு நாளும் உள் ரப்பர் ஒரு நூல் மெலிந்துகொண்டுதான் இருக்கிறது.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? நல்ல ஹோஸின் மேலேயே விட்டம், தாங்கும் அழுத்தம், தயாரித்த தேதி எல்லாம் அச்சிட்டிருக்கும். அச்சு அழிந்து படிக்க முடியாத ஹோஸை வாங்கவும் வேண்டாம், வாடகைக்கு எடுக்கவும் வேண்டாம். பம்ப் எவ்வளவு அழுத்தம் தர முடியுமோ, அதற்குக் குறையாமல் ஹோஸ் தாங்க வேண்டும். 'நமக்கு அவ்வளவு தேவைப்படாது' என்ற சமாதானம் கூடாது. காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

விட்டம் ஜல்லியைப் பொறுத்தது. உடைத்த ஜல்லி என்றால் அதன் பெரிய கல் ஹோஸின் உள்விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. முக்கால் இஞ்சு ஜல்லிக்கு 100 மில்லிமீட்டர் ஹோஸ் தாராளம். ஒன்றரை இஞ்சு ஜல்லிக்கு அது ஆகாது. இன்னொரு விஷயம், ரப்பர் ஹோஸில் உராய்வு அதிகம். ஒரு மீட்டர் ஹோஸ் ஏறக்குறைய மூன்று மீட்டர் இரும்புக் குழாய்க்குச் சமமான தடை தரும். வசதியாக இருக்கிறதே என்று லைனின் நடுவிலெல்லாம் ஹோஸைச் சொருகினால் பம்ப் அதிகம் தள்ள வேண்டும், அடைப்பும் கூடும். நுனிக்கு மட்டும், கம்பெனி சொன்ன நீளத்துக்கு மட்டும் போதும்.

பழைய ஹோஸைத் தடவிப் பாருங்கள். கம்பி வெளியே தெரிகிறதா, எங்காவது உப்பியிருக்கிறதா, மடிந்த தழும்பு இருக்கிறதா, கப்ளிங்கின் கழுத்தில் ரப்பர் நகர்ந்திருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அது குப்பைக்கு. சைக்கிள் ட்யூபைச் சுற்றி, கட்டுக்கம்பியை முறுக்கி 'ரிப்பேர்' செய்த ஹோஸை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பத்து டன்னைக் கட்டுக்கம்பியால் கட்டுகிறார்கள்.

தளத்தின் மேலே கவனிக்க வேண்டியவை:

ஹோஸின் வெளிநுனியில் கப்ளிங், கிளாம்ப் என்று எந்த இரும்பும் இருக்கக் கூடாது. துள்ளினால் அது சம்மட்டி. பூமோடு சேரும் இடத்தில் மட்டும் கப்ளிங், அதற்கு மேல் பாதுகாப்புக் கயிறு.

ஹோஸைக் கட்டிப் பிடிக்கவோ, இரண்டு கால்களுக்கு நடுவில் வைக்கவோ கூடாது. பூம் தாங்கட்டும், ஆள் பக்கவாட்டில் நின்று லேசாக வழிகாட்டினால் போதும். தளத்தின் ஓரத்துக்கு முதுகைக் காட்டி, பின்னால் நடந்துகொண்டே பிடிக்கவே கூடாது.

நுனியைக் கான்கிரீட்டுக்குள் புதைக்கவோ, ஹோஸை மடிக்கவோ கூடாது.

ஆரம்பிக்கும் முன் லைனுக்குள் சிமென்ட் பால் விட வேண்டும். ஹாப்பரை எப்போதும் நிரம்ப வைக்க வேண்டும். லாரி தாமதமானால் காற்று இழுப்பதற்கு முன்பே பம்பை நிறுத்த வேண்டும்.

அடைத்தால் சுத்தியலால் தட்டிக்கொண்டே மேலும் தள்ளக் கூடாது. ரிவர்ஸ் போட்டு அழுத்தத்தை இறக்கிய பிறகே கிளாம்பைத் திறக்கலாம்.

வேலை முடிந்து கம்ப்ரஸர் காற்றால் லைனைச் சுத்தம் செய்யும்போது நுனி ஹோஸைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே விட்ட பந்தைப் பிடிக்க நுனியில் கூடை மாட்ட வேண்டும். அந்தத் திசையில் ஒருவரும் நிற்கக் கூடாது. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

இதெல்லாம் கான்ட்ராக்டர் பொறுப்பு, நமக்கென்ன என்று நினைக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1996-ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், சொந்த வீடு கட்டுபவருக்கு மொத்தச் செலவு பத்து லட்சத்துக்குள் இருந்தால்தான் விலக்கு தந்தது. இன்றைக்குப் பத்து லட்சத்தில் நம் ஊரில் என்ன கட்ட முடியும்? சட்டங்களின் பெயர் மாறலாம், வரம்பு மாறலாம். நம் வீட்டுத் தளத்தின் மேல் நிற்பவன் நம் வேலைக்காகத்தான் அங்கே நிற்கிறான் என்பது மாறாது. நலவாரியத்துக்கு ஒரு சதவீத செஸ் கட்டிய ரசீதைக் காட்டிவிட்டால் நம் கடமை தீர்ந்துவிடுமா? செஸ் விபத்துக்குப் பிறகு உதவும். விபத்தைத் தடுக்காது.

பணம் கொடுப்பவர் கேட்டால் நடக்கும். மற்றவர் கேட்டால் "பார்க்கலாம் சார்" என்பார்கள். அதனால் கேட்க வேண்டியவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான். பம்ப் வண்டி வாசலுக்கு வந்ததும், வெற்றிலை பாக்கு தட்டை எடுப்பதற்கு முன்பு, ஹோஸைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். தேதியைப் படியுங்கள். நுனியில் இரும்பு இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். முதல் கான்கிரீட் சீராக வந்து விழும்வரை எல்லோரும் விலகி நிற்கச் சொல்லுங்கள். "நேரம் ஆகுது சார், ராகு காலம் வந்துடும்" என்பார்கள். வரட்டும். அந்த ஹோஸ் மாறாமல் பம்ப் ஓடாது என்று சொல்லிவிடுங்கள்.