சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

இறுதியாண்டு, இயற்பியல்

கையில் காசு குறைவு; காதில் ஆசை அதிகம். இசை விரும்பும் மாணவர் பலரின் நிலை இதுதான். உயர் மின்னெதிர்ப்புள்ள ஹெட்போன் ஒன்றை எப்படியோ வாங்கிவிடுகின்றனர். அதற்கொரு பெருக்கியைத் தாமே அமைக்கவும் துணிகின்றனர். பாராட்டத்தக்க துணிவு! ஆனால் இருக்கும் சிறு தொகை எங்கே போகிறது? பெயர் பெற்ற 'ஆப்-ஆம்ப்' சில்லுக்கு. அதற்கு ஊட்டப்படுவதோ ஒரே ஒரு 9 வோல்ட் பாட்டரி! இது தலைகீழ்க் கணக்கு என்பதே என் கருத்து.

சென்ஹைசர் எச்.டி. 600 ஹெட்போனை எடுத்துக்கொள்வோம். அதன் மின்னெதிர்ப்பு 300 ஓம். இத்தகையவை பெரிதும் வேண்டுவது மின்னோட்டத்தை அன்று; மின்னழுத்தத்தை. 9 வோல்ட்டை இரண்டாகப் பகுத்தால் பக்கத்துக்கு 4.5 வோல்ட். அதில் ஒன்றரை வோல்ட்டைச் சில்லே விழுங்கிவிட்டால், அலையின் உச்சிக்கு எஞ்சுவது 3 வோல்ட். திறன் 15 மில்லிவாட். பக்கத்துக்கு 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். உச்சி 10 வோல்ட்டை எட்டும். திறன் 160 மில்லிவாட்டைத் தாண்டும். அப்போதும் உச்ச மின்னோட்டம் 33 மில்லிஆம்பியர்தான்!

"காதைக் கிழிக்கும் சத்தம் எதற்கு?" என்று நண்பர்கள் வினவலாம். நியாயமான வினா. வழக்கமாகக் கேட்பதற்குக் கால் வோல்ட்டே போதும். ஆனால் இசை ஒரே மட்டத்தில் ஓடுவதில்லையே! தவிலின் ஓரடி 20 டெசிபெல் எழுந்தால் மின்னழுத்தம் 10 மடங்காக, இரண்டரை வோல்ட்டாக வேண்டும். அதன் உச்சி மூன்றரை வோல்ட். பாட்டரியோ மூன்றோடு நின்றுவிடும், அலையின் தலை வெட்டுப்படும், ஒலி கரகரக்கும். பாட்டரி தளர்ந்து 7 வோல்ட்டுக்கு இறங்கினால் நிலைமை இன்னும் மோசம்.

வழி நம் ஆய்வகத்திலேயே இருக்கிறது. 12-0-12 மின்மாற்றி, நான்கு டயோடுகள், மின்தேக்கிகள், 7812, 7912 சீராக்கிகள்: இவ்வளவே. செய்முறைத் தேர்வு முடிந்ததும் இவற்றைக் கழற்றி அலமாரியில் போடுவதை விட, மாணவர் ஒரு பெருக்கிக்குப் பொருத்திப் பார்க்கப் பேராசிரியர்கள் இடமளித்தால் என்ன? படித்தது மதிப்பெண்ணோடு முடியாமல் காதுக்கும் எட்டுமே! ஒன்று மட்டும்: 230 வோல்ட் விளையாட்டுப் பொருளன்று. பியூஸ், மூடிய பெட்டி, ஆசிரியரின் கண்காணிப்பு ஆகிய மூன்றும் இன்றியமையாதவை.

சில்லை என்று வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். முதலில் சட்டியை நிரப்புவோம். அகப்பை தானே நிறையும்.